ரெஃபரன்ஸ் பட்டியலைக் கையால் மாற்றுவதா, மென்பொருளிடம் விடுவதா?

ஜனவரி 6, காலை

ஒருவர் கேட்டிருப்பதை அப்படியே போடுகிறேன்: “கட்டுரை அனுப்பிய மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டது. உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘ரெஃபரன்ஸ்கள் எங்கள் இதழின் முறைப்படி இல்லை, சரிசெய்து மீண்டும் அனுப்பவும்’ என்று இரண்டே வரி. வேறொரு இதழுக்காக ஏபிஏ முறையில் எழுதியது அது. இவர்கள் கேட்பது வான்கூவர். மொத்தம் 64 ரெஃபரன்ஸ். இரண்டு நாள் உட்கார்ந்தால் கையாலேயே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். மென்பொருளை நம்பலாமா?”

புதியவர்களுக்கு ஒரு வரி: ரெஃபரன்ஸ் என்பது கட்டுரையில் மேற்கோள் காட்டிய படைப்பைப் பற்றிய குறிப்பு. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்தது), வான்கூவர் (மருத்துவ இதழ்களில் வழங்குவது) இரண்டும் அதை எழுதும் முறைகள்.

கையால் மாற்றாதீர்கள். மென்பொருளிடம் விடுங்கள். இவ்வளவுதான் பதில், மீதியை இரவு எழுதுகிறேன்.

ஜனவரி 6, இரவு

முதலில் ஓர் ஆறுதல். இது நிராகரிப்பு இல்லை. பதிப்பாசிரியர் கட்டுரையைக் கையில் எடுப்பதற்கு முன்பே அலுவலகத்தில் யாரோ ஒருவர் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் போட்டுக்கொண்டே வருவார்: சொல் எண்ணிக்கை, படங்களின் தரம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ரெஃபரன்ஸ். உங்கள் கட்டுரை அந்த மேசையில் நின்றிருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பியவர் அநேகமாக முதல் பக்கத்தையும் கடைசி இரண்டு பக்கங்களையும் மட்டுமே பார்த்திருப்பார்.

கையால் மாற்ற வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் காற்புள்ளி முற்றுப்புள்ளி இல்லை. பொறுமை இருந்தால் அதை யாரும் செய்துவிடலாம். சிக்கல் வரிசையில் இருக்கிறது. ஏபிஏவில் பட்டியல் அகரவரிசையில் போகும், உரையில் பெயரும் ஆண்டும் வரும். வான்கூவரில் உரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு எண் 1. ஆக, 64 பதிவுகளையும் இடம் மாற்ற வேண்டும், உரையில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் எண்ணாக்க வேண்டும். அதையும் செய்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர் வந்து “முன்னுரையில் இந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்க்கவும்” என்பார். (அவை பெரும்பாலும் அவரே எழுதியவையாக இருக்கும்.) 4க்குப் பிறகு இரண்டு நுழைந்தால் அதற்குப் பின்னால் உள்ள அறுபது எண்களும் நகர வேண்டும்.

ஒரே கட்டுரையை இரண்டு முறையிலும் எழுதிப் பார்க்கலாம். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் பற்றி வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதியது. தலைப்பின் முற்பகுதியை மட்டும் தமிழில் போடுகிறேன். ஏபிஏவில்:

வாட்சன், ஜே. டி., & கிரிக், எஃப். எச். சி. (1953). நியூக்ளிக் அமிலங்களின் மூலக்கூறு அமைப்பு. நேச்சர், 171(4356), 737–738.

வான்கூவரில்:

வாட்சன் ஜேடி, கிரிக் எஃப்எச்சி. நியூக்ளிக் அமிலங்களின் மூலக்கூறு அமைப்பு. நேச்சர். 1953;171(4356):737-8.

ஆண்டு பெயரை விட்டுவிட்டு இதழின் பெயருக்குப் பின்னால் போய்விட்டது. முதலெழுத்துகளின் புள்ளிகள் உதிர்ந்துவிட்டன. ஏபிஏவில் இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும், இங்கே அதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் 738 என்று முழுதாக எழுதாமல் மாறுகிற இலக்கத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஆனால் தகவல் ஒன்றுகூட மாறவில்லை. பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, எண், பக்கம் என்று அதே ஏழு துண்டுகள்தான். அவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் வைத்திருந்தால் எந்த முறைக்கும் ஒரு நொடியில் மாறலாம். ஸோட்டெரோ, எண்ட்நோட், மெண்டெலே, லேடெக் என்ற கருவியில் கட்டுரையை அமைப்பவர்களுக்கு பிப்டெக், எல்லாம் செய்வது இதைத்தான்.

ஆசிரியர் எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. ஏபிஏ ஏழாம் பதிப்பில் 20 பேர் வரை எல்லாரையும் எழுத வேண்டும். 21 பேர் ஆகிவிட்டால் முதல் 20 பேர், மூன்று புள்ளி, அப்புறம் கடைசி ஆள். வான்கூவரில் பெரும்பாலான மருத்துவ இதழ்கள் முதல் 6 பேரோடு நிறுத்தி ‘எட் அல்’ (‘மற்றும் பிறர்’) போடச் சொல்லும். 3 பேரோடு நிறுத்தச் சொல்கிறவையும் உண்டு. ஆகவே ‘வான்கூவர்’ என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அந்த இதழில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையைத் திறந்து அதன் பட்டியலைப் பாருங்கள். இதழின் விதிமுறைப் பக்கம் ஒன்று சொல்லும், அச்சில் வேறொன்று இருக்கும். அப்படி இருந்தால் நான் அச்சின் பக்கம்தான் நிற்பேன்.

ஜனவரி 8

“மென்பொருளிடம் விடுங்கள்” என்று சொன்னதைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மென்பொருளில் இருக்கும் என்னுடைய ரெஃபரன்ஸ் தொகுப்பையே திறந்து பார்த்தேன். பதினோரு ஆண்டுகளாகச் சேர்த்தது, 1,900 பதிவுக்குக் கொஞ்சம் குறைவு. கண்ணை மூடிக்கொண்டு ஐம்பதை எடுத்து மூலக் கட்டுரையோடு ஒப்பிட்டேன். பதினேழில் ஏதோ ஒரு கோளாறு. தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது நான்கு. இதழ் எண் இல்லாதவை ஐந்தாறு. ஒரே இதழ் ஓரிடத்தில் முழுப்பெயரோடும் இன்னோரிடத்தில் சுருக்கப் பெயரோடும் இருந்தது. ஒரு மாநாட்டுக் கட்டுரை ‘இணையப் பக்கம்’ என்ற வகையில் கிடந்தது. பக்க எண் இருக்க வேண்டிய கட்டத்தில் மொத்தப் பக்கங்கள் ‘9’ என்று போட்டிருந்த ஒன்றும் உண்டு.

இதில் ஒன்றையும் மென்பொருள் கண்டுபிடிக்காது. அதனிடம் தவறைக் கொடுத்தால் தவறையே அழகாக அடுக்கிக் கொடுக்கும். கையால் தட்டிய பட்டியலிலாவது பார்த்தவுடன் ஒரு சந்தேகம் வரும். மென்பொருள் போட்டுக் கொடுத்ததில் எல்லாம் ஒரே சீராக இருப்பதால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது.

எனவே கேட்டவருக்குத் திருத்திய பதில்: முறையை மாற்றுவது மென்பொருளின் வேலை, ஒரு சொடுக்கு. 64 பதிவுகளையும் ஒவ்வொன்றாக மூலத்தோடு ஒப்பிடுவது உங்கள் வேலை. நீங்கள் ஒதுக்கிய இரண்டு நாளை அதற்குச் செலவிடுங்கள்.

ஜனவரி 8, பத்து நிமிடம் கழித்து

மறந்துவிட்டேன். ஐம்பதில் ஒன்றில் மூன்றாவது ஆசிரியரின் பெயர் ‘அல், இ.’ என்று இருந்தது. யாரப்பா இவர், நம் துறையில் இப்படி ஒருவரா என்று ஒரு கணம் யோசித்தேன். எங்கிருந்தோ வெட்டி ஒட்டியபோது ‘எட் அல்’ என்பதை மென்பொருள் ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டு, ‘அல்’லைக் குடும்பப் பெயராக்கி, ‘எட்’டுக்கு முதலெழுத்தும் வைத்துவிட்டது. அந்தக் கட்டுரையை நான் இரண்டு இடங்களில் மேற்கோள் காட்டி அச்சிலும் வந்திருக்கிறது.

ஜனவரி 11

“தேடுபொறியில் ‘மேற்கோள்’ பொத்தானை அழுத்தினால் ஏபிஏ வடிவமே வருகிறதே, அதை எடுத்து ஒட்டினால் என்ன?” என்று ஒரு கேள்வி. இன்னொருவர், “எல்லாவற்றையும் அச்சுக்கு முன் இதழ்க்காரர்களே சரிசெய்துவிடுவார்கள், நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?” என்கிறார்.

இரண்டாமவர் சொல்வதில் பாதி உண்மை. முதல் முறை அனுப்பும்போது எந்த முறையில் இருந்தாலும் சரி, ஒரே சீராக இருந்தால் போதும் என்று பல இதழ்கள் இப்போது இறங்கி வந்துவிட்டன. ஏற்றுக்கொண்ட பிறகு அவர்களுடைய தட்டச்சுக்காரர்கள் நிறுத்தக்குறிகளை மாற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் மாற்றுவது தோற்றத்தை மட்டும்தான். நீங்கள் தொகுதி எண்ணைத் தவறாகக் கொடுத்தால், அந்தத் தவறான எண்ணைச் சரியான இடத்தில் வைப்பார்கள்.

முதல் கேள்விக்கு: அந்தப் பொத்தான் தருவதில் சில நேரம் இதழ் எண் இருக்காது, தலைப்பு எந்த எழுத்தில் இருந்ததோ அப்படியே வரும், டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) வராது. அதை விடப் பெரிய சங்கடம் என்னவென்றால் அது வெறும் எழுத்துச் சரம். நாளைக்கு முறை மாறினால் மீண்டும் கையால்தான்.

ஒட்டுவதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கணக்கு உண்டு. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் செய்தது. இயற்பியலில் ஒரு பிரபலமான கட்டுரையை மேற்கோள் காட்டிய சுமார் 4,300 இடங்களை எடுத்தார்கள். 196இல் பக்கமோ தொகுதியோ பிழையாக இருந்தது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தடுமாறியிருந்தால் பிழையும் விதவிதமாக இருக்க வேண்டும். இருந்ததோ 45 விதம்தான். ஒரே பிழை மட்டும் 78 இடங்களில். 78 பேருக்கும் ஒரே மாதிரி கை தவற வாய்ப்பில்லை, ஒருவர் பட்டியலை இன்னொருவர் எடுத்திருக்கிறார். இந்த விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டு, மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவு கொஞ்சம் கடுமை என்பது என் எண்ணம். படித்துவிட்டும் பட்டியலை மட்டும் வேறிடத்திலிருந்து எடுப்பவர்கள் உண்டு, நானே செய்திருக்கிறேன். ஆனால் 78 என்ற அந்த எண்ணை மறுக்க முடியாது.

ஜனவரி 12

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. இல்லாத கட்டுரையை நூற்றுக்கணக்கானவர்கள் மேற்கோள் காட்டிய கதை.

ஒரு பெரிய பதிப்பகம் தன் இதழ்களுக்கான நெறிமுறையில், ரெஃபரன்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காகக் கற்பனையாக ஒரு கட்டுரையை வைத்திருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றியது, 2000ஆம் ஆண்டு, மூன்று ஆசிரியர்கள், 51 முதல் 59 வரை பக்கம். அப்படி ஓர் இதழே கிடையாது. ஆனால் மேற்கோள் தரவுத்தளங்களில் அதை மேற்கோள் காட்டியவை என்று ஏறக்குறைய 400 கட்டுரைகள் கிடந்தன. 2017இல் இது வெளியே வந்தது. எல்லாரும் பொய்யர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானவர்கள் இதழ் கொடுத்த வார்ப்புருவில் தட்டச்சு செய்துவிட்டு, அதிலிருந்த மாதிரி வரியை அழிக்க மறந்தவர்கள் என்றுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து நான் எந்த வார்ப்புருவைத் திறந்தாலும் முதல் வேலையாக மாதிரிப் பட்டியலை அழித்துவிடுகிறேன்.

ஜனவரி 15

மென்பொருள் என்னை எப்படிக் கவிழ்த்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ விற்பனைப் பிரதிநிதி மாதிரி இருக்கும்.

ஒரு கட்டுரை, மறுநாள் கெடு. பட்டியலில் சின்னச் சின்னப் பிழைகள். நுண்ணுயிரியின் அறிவியல் பெயர் சாய்வெழுத்தில் இல்லை, ஒரு புத்தகத்தில் பதிப்பு எண் இல்லை, நிறுவனத்தின் பெயர் தலைகீழாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தொகுப்பைத் திறந்து கட்டத்தைத் தேடி மாற்றுவதற்குச் சோம்பல். வேர்ட் கோப்பில் பட்டியலிலேயே நேரடியாகத் திருத்தினேன். இரவு ஒன்றரை மணி வரைக்கும், முப்பது நாற்பது இடங்களில். கடைசியாக முடிவுரையில் ஒரே ஒரு மேற்கோளைச் சேர்த்தேன். பட்டியல் ஒரு முறை கண் சிமிட்டியது. மறுபடி பார்த்தால் நான் திருத்திய அத்தனையும் போய்ப் பழைய பட்டியல் வந்து உட்கார்ந்திருந்தது. நியாயம்தான். அந்தப் பட்டியல் உயிருள்ள ஃபீல்டு, தொகுப்பில் இருப்பதை வைத்துத் தன்னைத் தானே மீண்டும் எழுதிக்கொள்ளும். நான் திருத்தியது நிழலை.

அதில் கற்றது இரண்டு. திருத்தம் எப்போதும் தொகுப்பில்தான். அப்படித் தொகுப்பில் செய்ய முடியாத திருத்தம் ஏதாவது இருந்தால், எல்லாம் முடிந்த பிறகு கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் ஃபீல்டுகளை வெறும் எழுத்தாக மாற்றி, அங்கே செய்யலாம். உயிருள்ள மூலக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, திருத்தச் சொல்லித் திரும்பி வரும்போது அதுதான் வேண்டும்.

சக ஆசிரியர்கள் விஷயம் தனிக் கூத்து. ஒருவர் எண்ட்நோட், ஒருவர் ஸோட்டெரோ, மூத்தவர் அடைப்புக்குறிக்குள் ‘அந்த 2016 கட்டுரை, உனக்குத் தெரியும்’ என்று எழுதுவார். ஒரு மென்பொருளின் மேற்கோளை இன்னொன்று பெரும்பாலும் அடையாளம் காணாது. ஒருவர் கோப்பை வேறு செயலியில் திறந்து சேமித்துவிட்டால் ஃபீல்டுகள் உதிர்ந்து வெறும் எண்களாகிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும், நாம் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதுதான் [1] என்று இரண்டாவது முறை எண் தொடங்கும். இப்போது நான் ஒரே ஒருவரிடம் மட்டும் அந்தப் பொறுப்பை வைக்கச் சொல்கிறேன். மற்றவர்கள் சேர்க்க வேண்டியதை டிஓஐ எண்ணோடு ஓரக் குறிப்பாகப் போட்டால் போதும்.

ஜனவரி 16

திருத்தம். 6ஆம் தேதி எழுதியதில் 21 ஆசிரியர்களுக்கு ‘முதல் 20 பேர்’ என்று போட்டுவிட்டேன். தவறு. முதல் 19 பேர், மூன்று புள்ளி, கடைசி ஆள். மொத்தம் இருபது பெயர் வரும், அதுதான் கணக்கு. கடைசிப் பெயருக்கு முன்னால் & வராது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, நீங்கள்தான் இதழ் அலுவலகத்தில் டிக் போடுகிறவரோ?

ஜனவரி 19

பெயர்களும் பெரிய எழுத்துகளும். மென்பொருள் அதிகம் சறுக்குவது இந்த இரண்டில்தான்.

உலக சுகாதார நிறுவனத்தை ஆசிரியராகப் போட்டால் பல பட்டியல்களில் ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.’ என்று வந்து நிற்கும். உலகமும் சுகாதாரமும் முதலெழுத்தாகிவிட்டன, நிறுவனம் குடும்பப் பெயராகிவிட்டது. ஸோட்டெரோவில் பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் ஒற்றைக் கட்டமாக மாற்ற ஒரு சிறு பொத்தான் இருக்கிறது, பிப்டெக்கில் இரட்டை நெளிவு அடைப்புக்குறி. செய்ய வேண்டியது அவ்வளவுதான், ஆனால் செய்தவர்கள் குறைவு.

மனிதர்கள் இன்னும் கடினம். ஸ்பானியப் பெயர்களில் இரண்டு குடும்பப் பெயர்கள் வரும், முதலாவதை இடைப்பெயர் என்று வெட்டிவிடுவார்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சிலர் ஆங்கிலத்தில் எழுதும்போது தாங்களே மாற்றி எழுதியிருப்பார்கள். ஐஸ்லாந்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது, பின்னால் வருவது தந்தையின் அல்லது தாயின் பெயர். ‘வான்’, ‘டி’ போன்ற ஒட்டுகளை எந்த எழுத்தில் வரிசைப்படுத்துவது என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. இதற்கெல்லாம் ஒரே விதி எழுத என்னால் முடியாது. அந்த ஆசிரியர் தன் பிற கட்டுரைகளில் தன்னை எப்படி மேற்கோள் காட்டிக்கொள்கிறார் என்று பார்ப்பேன். அவருடைய பெயர் அவருக்குத் தெரியும்.

பெரிய எழுத்துக்கு வருகிறேன். ஆங்கிலத் தலைப்புகளை ஏபிஏவும் வான்கூவரும் வாக்கியம் மாதிரி கேட்கும், முதல் சொல்லுக்கும் ஊர்ப்பெயர், ஆள்பெயர் போன்றவற்றுக்கும்தான் பெரிய எழுத்து. வேறு சில முறைகள் முக்கியச் சொல் எல்லாவற்றுக்கும் கேட்கும். தொகுப்பில் எப்படி வைப்பது? வாக்கிய வடிவில் வையுங்கள். வாக்கிய வடிவிலிருந்து எல்லாவற்றையும் பெரிதாக்குவது இயந்திரத்துக்குச் சுலபம். திரும்பி வருவதுதான் முடியாது, எது ஊர்ப்பெயர், எது சாதாரணச் சொல் என்று அதற்குத் தெரியாது. பிப்டெக்கில் நேர்மாறான ஆபத்து: பல முறைகள் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும், டிஎன்ஏ என்பதை நெளிவு அடைப்புக்குறிக்குள் வைக்காவிட்டால் அதுவும் சிறியதாகச் சுருங்கிக் கிடக்கும். ஆங்கிலமல்லாத தலைப்புகளுக்கு மொழிக் கட்டத்தை நிரப்புங்கள். ஜெர்மன் தலைப்பில் ஆங்கில விதியைப் போட்டு நாசம் செய்யாமல் இருக்க அது உதவும்.

ஜனவரி 20

கொஞ்சம் திசைமாறல். ‘ஹார்வர்டு முறை’ என்று கேட்கும் இதழ்களைப் பற்றி ஒருவர் புலம்பியிருந்தார். நியாயமான புலம்பல். ஏபிஏவுக்கு ஒரு கையேடு இருக்கிறது, சிகாகோவுக்கு இருக்கிறது, ஹார்வர்டுக்கு அப்படி அதிகாரபூர்வமான ஒன்று கிடையாது. ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு ஹார்வர்டு வைத்திருக்கிறது. பெயர்-ஆண்டு முறைக்கே பொதுப்பெயராகிவிட்டது அது. தொடக்கம் என்று சுட்டுவது ஹார்வர்டில் விலங்கியலாளராக இருந்த எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881இல் எழுதிய கட்டுரையை. பொருள், தோட்டத்தில் ஊரும் ஓடில்லா நத்தையின் முட்டை. இன்று உலகம் முழுக்க அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போடுகிறவர்கள் நத்தைக்குக் கடன்பட்டவர்கள்.

வான்கூவர் அதை விட இளையது. 1978இல் மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் சிலர் அந்த ஊரில் கூடி, இதழுக்கு ஒரு முறை என்று ஆசிரியர்களை அலைக்கழிக்க வேண்டாம், எல்லாரும் ஒரே வடிவத்தைக் கேட்போம் என்று முடிவு செய்தார்கள். நல்ல மனம். ஏபிஏ 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது, 2019இல் வந்த ஏழாம் பதிப்பு 400 பக்கத்தைத் தாண்டிவிட்டது. முறைகளை எழுதிவைக்கும் பொதுக் களஞ்சியத்தில் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவை இன்னொரு முறையைச் சுட்டிக்காட்டுபவை மட்டுமே என்றாலும், எண்ணைப் பார்த்தால் அந்த 1978 கூட்டத்தை நினைத்துப் பாவமாக இருக்கிறது.

அடிக்குறிப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘மேலது, ப. 43’ என்று போட்டுவிட்டு, பிறகு ஒரு பத்தியை மட்டும் தூக்கி முன்னால் வைத்தால், அந்த ‘மேலது’ முன்பின் தெரியாத புத்தகத்தைச் சுட்ட ஆரம்பித்துவிடும். சிகாகோ கையேடே 2017 பதிப்பிலிருந்து இபிட்டை (ஆங்கிலத்து ‘மேலது’) விட்டுவிட்டுச் சுருக்க மேற்கோளை எழுதச் சொல்கிறது. எழுதி முடிக்கும் வரை நானும் சுருக்க மேற்கோள்தான்.

ஜனவரி 23

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். 64ஐயும் சரிபார்த்தாராம், ஒன்றரை நாள். 22இல் பிழை. இரண்டு பதிவுகள் ஒரே கட்டுரை, ஒன்று முன்பதிப்பு, ஒன்று அச்சில் வந்தது. இப்போது 63. மூன்று ஐயங்கள் வைத்திருக்கிறார்.

ஒன்று, அட்டவணையில் மட்டும் வரும் மேற்கோளுக்கு என்ன எண்? அட்டவணை கோப்பின் கடைசியில் இருப்பதால் மென்பொருள் அதற்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிட்டது. இது நிறையப் பேரை மடக்கும். மருத்துவ இதழ் ஆசிரியர் குழுவின் விதி தெளிவானது: உரையில் ‘அட்டவணை 1’ என்று முதன்முதலில் குறிப்பிடும் இடத்தில் அந்த மேற்கோள்கள் வந்ததாக வைத்து எண் கொடுக்க வேண்டும். முறைப்படி செய்யும் வழி தெரியாதவரை நான் செய்யும் குறுக்கு வழி, எண்ணிடும் வரை அட்டவணையை அந்தப் பத்திக்குக் கீழேயே வைத்திருப்பது.

இரண்டு, ஒரே கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள். இணையத்தில் 2018 நவம்பரில் வந்தது, இதழின் தொகுதியில் சேர்ந்தது 2019இல். தொகுதியும் பக்கமும் கிடைத்துவிட்டால் அந்தத் தொகுதியின் ஆண்டைப் போடுங்கள். உரையில் 2018, பட்டியலில் 2019 என்று ஆவது இதனால்தான், சக ஆசிரியர்கள் வெவ்வேறு நாளில் பதிவிறக்கியிருப்பார்கள். எண் முறையில் இது வெளியே தெரியாது, பெயர்-ஆண்டு முறையில் உடனே மாட்டிக்கொள்ளும்.

மூன்று, டிஓஐ எப்படி எழுதுவது. 10 என்று தொடங்கும் எண்ணை மட்டும் போடுவதா, முன்னால் டிஓஐ என்ற எழுத்தா, முழு இணைய முகவரியா? இப்போதைய வழக்கம் முழு முகவரி, ஏபிஏவும் அதைத்தான் கேட்கிறது. பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு டிஓஐக்குக் கிடையாது, அதனால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முகவரியின் வாலில் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள், அதையும் சேர்த்துச் சொடுக்கினால் பக்கம் திறக்காது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ‘இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது’ என்ற பட்டை அந்தப் பக்கத்தில்தான் கண்ணில் படும். ஸோட்டெரோ தானாகவே அப்படிப்பட்ட பதிவுகளுக்குச் சிவப்புக் குறி போடுகிறது, ஆனாலும் நான் சொடுக்குவேன்.

ஜனவரி 24

“சாட்பாட்டிடம் கொடுத்து வடிவம் மாற்றச் சொல்லலாமா?” வடிவம் மாற்றுவதற்குக் கொடுத்துப் பார்த்தேன். அழகாக மாற்றியது. ஒரு பதிவில் நான் கொடுக்காத இதழ் எண்ணையும் சேர்த்திருந்தது. நம்பும்படியான எண், தவறான எண். காலியான கட்டத்தைக் காலியாக விடத் தெரியாத உதவியாளரை இந்த வேலைக்கு வைக்க மாட்டேன்.

பிப்ரவரி 9

கேட்டவரின் கட்டுரை மதிப்பீட்டுக்குப் போய்விட்டது. நல்லது.

இனி என் சங்கதி. என்னுடைய கட்டுரை ஒன்றின் புரூஃப் நேற்று வந்தது. ஓரத்தில் ஏழு கேள்விகள். ஆறு வழக்கமானவை. ஏழாவது: “ரெஃபரன்ஸ் 12: பக்க எண் டிஓஐ பதிவோடு பொருந்தவில்லை. சரிபார்க்கவும்.”

ரெஃபரன்ஸ் 12 நான் எழுதியது. என் பெயர், என் கட்டுரை. பட்டியலில் 381–389. மூலத்தைத் திறந்தால் 318–326. சந்தேகம் வந்து எங்கிருந்து எடுத்தேன் என்று தேடினேன். என் சொந்த வெளியீடுகளின் பட்டியல், எல்லா விண்ணப்பத்துக்கும் நான் இணைக்கிற அதே கோப்பு. அதில் எட்டு ஆண்டுகளாக 381. ஐம்பதை எடுத்துச் சரிபார்த்தபோது இது அந்த ஐம்பதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் என் கட்டுரைதானே என்று மூலத்தைத் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய பதினான்கு கட்டுரைகளையும் எடுத்துப் பார்த்தேன். பத்தில் 318. இரண்டில் பக்கமே இல்லை. இரண்டில் 381–389. அந்த இரண்டையும் எழுதியவர்களுக்கு ஒரு கடிதம் தட்டத் தொடங்கிப் பாதியில் அழித்துவிட்டேன், அந்த எண் வேறெங்கும் கிடையாது, என் பக்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. புரூஃபின் பதில் பெட்டியில் ‘318–326 என்பதே சரி’ என்று எழுதினேன். பிறகு தொகுப்பில் திருத்தி, வெளியீட்டுப் பட்டியலையும் மாற்றி ஏற்றினேன்.